காடேறிய பாதையும் பொழுதின் கணக்கும்

பதுளை நகரிலிருந்து தென்கிழக்கே நோக்குவார்க்கு நமுனுகுலை மலை மிக அண்மையில் நிற்பதுபோலத் தோன்றும். காலை வேளையிற் பனி நீங்கியதும், அதன் சரிவிலுள்ள தேயிலை நிரைகளையும், அவற்றினூடே வளைந்தேறும் தோட்டப் பாதைகளையும், முடியைப் போர்த்த கருங்காட்டையும் தெளிவாகக் காணலாம். ஆகாய வழியில் அளந்தால் நகருக்கும் மலைமுடிக்கும் இடையே ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தூரமே உண்டு. முடியின் உயரம் 2,036 மீற்றர். அடிக்கணக்கிற் கூறின் ஏறக்குறைய 6,680. நகரமோ 700 மீற்றருக்குச் சற்றுக் கீழே கிடக்கின்றது. இலங்கை மலைகளுள் நமுனுகுலை மிக உயர்ந்ததும் அன்று, ஏறுதற்கு மிக அரியதும் அன்று. ஆயினும், காலையிற் புறப்பட்டு உச்சி கண்டு மாலை வண்டிக்குத் திரும்பிவிடலாம் என எண்ணிச் சென்றோர், இருள் கவிந்தபின் தட்டுத்தடுமாறித் தேயிலைக்குள் இறங்கி வருவதுண்டு. அவர்களை ஏமாற்றுவது மலையின் உயரமன்று, பாதையின் நிலைமையே. திறந்த பாதைக்குரிய பொழுதைக் காடேறிய பாதைக்கும் கொடுத்துவிட்டுப் புறப்படுவதனாலேயே இந்த இடர் நேர்கின்றது.

ஊவாவின் மலைப்பாதைகள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு காடேறின என்பதை அறிந்தவர்க்கு அவற்றை அடையாளங் காண்பதும் எளிதாகும். இப்பாதைகளிற் பெரும்பாலானவை உலாவுதற்காக வெட்டப்பட்டவை அல்ல. கடந்த நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கோப்பித் தோட்டங்கள் இம்மலைகளிற் பரவியபோது, மூட்டை சுமக்கும் எருதுகளுக்கும், துரைமாரின் குதிரைகளுக்கும், தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வழியாக நடந்து வந்த தொழிலாளருக்கும் வழி வேண்டியிருந்தது. அக்காலத்திற் பதுளையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த மேஜர் தோமஸ் வில்லியம் றொஜேர்ஸ் என்பவர் ஊவாவிற் பாதைகள் அமைத்தவர்களுள் முதன்மையாகக் கருதப்படுகின்றார். யானைகளைக் கணக்கின்றிச் சுட்டவர் என்னும் பேரும் அவருக்கு உண்டு. அப்பேரைப் புகழெனக் கொள்ள இன்று எவரும் துணியார். பதுளையிலுள்ள சென் மாக்ஸ் தேவாலயம் அவர் நினைவாக எழுந்தது. அவருடைய முடிவைப் பற்றிப் பின்னர்க் கூறவேண்டிய தேவை உண்டு.

கோப்பி நிலைக்கவில்லை. கோப்பியிலை நோய் இலங்கையில் முதன்முதல் அடையாளங் காணப்பட்டது இதே ஊவாவிலுள்ள மடுல்சீமையில், 1869 ஆம் ஆண்டில். அடுத்த இருபது ஆண்டுகளிற் கோப்பி அழிந்து தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. பயிர் மாறியதேயன்றிப் பாதை மாறவில்லை. கொழுந்துக் கூடையும் அரிசி மூட்டையும் நோயாளியின் கட்டிலும் அவற்றின் வழியேதான் சென்றன. புகையிரதம் 1893 இல் அப்புத்தளையையும், 1894 இற் பண்டாரவளையையும் எட்டி, பின்னும் முப்பது ஆண்டுகள் கழித்து 1924 இலேதான் பதுளையை வந்தடைந்தது. அதுவரை பண்டாரவளைக்கு அப்பாலுள்ள தோட்டங்களுக்கு இப்பாதைகளே உயிர்நாடியாயிருந்தன.

மலைநாட்டிற் பாதை என்பது ஒருமுறை வெட்டினால் என்றென்றும் நிற்பதன்று. மழைக்குமுன் கான் துப்புரவாக்கப்பட வேண்டும். சரிந்த கல்லடுக்கு மீண்டும் கட்டப்பட வேண்டும். ஓரத்துப் புல் ஆண்டுக்குச் சில தடவையாவது வெட்டப்பட வேண்டும். இவற்றைச் செய்தவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். அவர்கள் நாள்தோறும் நடந்த நடையே பாதைக்குச் செய்த பெரும் பராமரிப்பாகவும் அமைந்தது. மோட்டார் வீதிகள் வந்தபின் குதிரைப் பாதைகளின் தேவை குறைந்தது. 1964 ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அதன்பின் ஆண்டுக்காண்டு குடும்பங்கள் பெட்டி கட்டிக்கொண்டு தலைமன்னாரில் கப்பலேறின. அவர்களிற் பலர் நீலகிரியின் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களிலுள்ள வேறு தேயிலை மலைகளைச் சென்றடைந்தனர். ஒரு டிவிசனின் லயங்கள் காலியானபோது, அங்கிருந்து அடுத்த டிவிசனின் உறவினர் வீட்டுக்கும், கோவிலுக்கும், பள்ளிக்கூடத்துக்கும் சென்ற ஒற்றையடிப் பாதையும் அவர்களோடு போயிற்று. விளைச்சல் குறைந்த உயரமான மலைகள் கைவிடப்பட்டமை இதற்குத் துணை செய்தது. இன்று ஊவாவின் மேற்சரிவுகளில் மூடிக் கிடக்கும் பாதை ஒன்றைக் காண்பவர், அதற்குமேல் ஒருகாலத்தில் மனிதர் குடியிருந்தனர் என்று எண்ணினாற் பெரும்பாலும் தவறாகாது.

அத்தகைய பாதையை மூடுவன எவை என்பதை அறிதல் நடப்பவருக்குப் பயன் தரும். திறந்த சரிவுகளில் முதலில் வருவது மானாப்புல். ஆள் மறையும் உயரத்துக்கு வளர்ந்து இருபுறமும் சாய்ந்து பாதையை மூடிவிடும் இப்புல்லின் ஓரம் கையையும் முகத்தையும் கீறும். அதைவிடத் தீயது, காலடியில் உள்ள குழியையும் கல்லையும் அது மறைப்பதே. மரநிழல் குறைந்த இடங்களில் உண்ணிச்செடி முள்வேலிபோல் அடர்ந்து நிற்கும். கைவிடப்பட்ட தேயிலையோ இன்னொரு வகைக் காடு. இடுப்பளவில் நிற்கும் செடியென்றே தேயிலையை அறிந்தோர், கவ்வாத்து வெட்டாது விடப்பட்ட தேயிலை மரமாகி ஓங்கி, கிளைகள் ஒன்றோடொன்று பின்னி நிற்பதைக் கண்டால் வியப்படைவர். அதனூடே குனிந்தும் தவழ்ந்துமே செல்லல் இயலும். இன்னும் மேலே, ஹோட்டன் சமவெளியை அடுத்த உயர்மலைக் காடுகளில், நெலு எனச் சிங்களத்தில் வழங்கும் செடி கீழ்க்காடாக அடர்ந்திருக்கும். இது நம் குறிஞ்சியின் இனம். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருங்கே பூத்து, விதைத்து, ஒருங்கே மடிவது. மடிந்தபின் காய்ந்த தண்டுகளும் புதிய நாற்றுகளும் சேர்ந்து முன்னிருந்த தடத்தை அடியோடு மறைத்துவிடும்.

ஆயினும் தோட்டப் பாதை முற்றாக அழிந்துபோவது அரிது. கண்ணுக்கு மறைந்தது காலுக்குத் தெரியும். எருதும் குதிரையும் ஏறத்தக்கவாறு ஒரே சீரான ஏற்றத்தில் வெட்டப்பட்டமையால், அதன்மேல் நடக்கும்போது உள்ளங்கால் சமமாகப் படியும். விலகிய கணமே கால் சரிவில் சாயும். மேற்பக்கத்தில் மண்வெட்டிய சுவர், கீழ்ப்பக்கத்திற் கல்லடுக்கு, குறுக்கே சென்ற கானின் பள்ளம், தோட்டத்தார் சவுக்கு என்று கூறும் கிரேவிலியா மரங்களின் நேர்நிரை ஆகிய அடையாளங்களுள் இரண்டு ஒருங்கு கிடைத்தாற் பாதை அதுவே எனத் துணியலாம். ஏமாற்றுவது பன்றித் தடம். மனிதன் சென்ற வழி தலையுயரம்வரை திறந்திருக்கும். பன்றி சென்ற வழி முழங்காலுயரத்திற் குகைபோல் திறந்து மேலே மூடியிருக்கும். குனிந்து நுழைய வேண்டிய வழி ஐம்பது யார் தூரம் தொடர்ந்தால், நின்று, பின்னே திரும்பி, கடைசியாகக் கண்ட கல்லடுக்குக்கு மீளுதல் நன்று.

இனி, பொழுதின் கணக்கு. மலைநடைக்கு எவ்வளவு நேரம் செல்லும் என்பதற்கு உலகெங்கும் வழங்கும் விதி ஒன்று உண்டு. வில்லியம் நெய்ஸ்மித் என்னும் ஸ்கொத்லாந்து மலையேறி 1892 இல் அதனை வகுத்தார். 3 மைலுக்கு ஒரு மணி. அதன்மேல் ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னுமொரு மணி. இன்றைய அளவிற் கூறினால், 5 கிலோமீற்றருக்கு ஒரு மணியும், 600 மீற்றர் ஏற்றத்துக்கு ஒரு மணியும் ஆகும். ஒரு தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து முடிவரை 5 கிலோமீற்றர் பாதை, 600 மீற்றர் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். விதியின்படி இரண்டு மணி நேரத்தில் உச்சியை அடையலாம். ஒன்பதரை மணிக்குப் புறப்படுபவர் பதினொன்றரைக்கு மேலே நின்று, மூன்று மணிக்குமுன் கீழே தேநீர் அருந்தலாம் என இக்கணக்குக் காட்டும்.

நெய்ஸ்மித் இவ்விதியை வகுத்தது திறந்த மலைகளை மனத்திற் கொண்டு. மேற்கூறிய பாதையில் முதல் 3 கிலோமீற்றரே தேயிலைக்கூடான திறந்த வழி, மேலுள்ள 2 கிலோமீற்றரும் மூடிய வழி எனின், கணக்கு முற்றிலும் வேறாகும். புல்லையும் கிளையையும் விலக்கி, தடம் தேடி நடக்கும் கூட்டம் மணிக்கு ஒரு கிலோமீற்றர் சென்றாலே நல்ல நடை. ஆகவே திறந்த வழிக்கு 36 நிமிடம், மூடிய வழிக்கு இரண்டு மணி, ஏற்றத்துக்கு ஒரு மணி, இளைப்பாற அரை மணி: நான்கு மணி நேரத்துக்கும் மேல். இறங்குவதற்கு இரண்டேகால் மணி, உச்சியில் அரை மணி சேர்த்தால், ஒன்பதரைக்குப் புறப்பட்டவர் தொழிற்சாலைக்கு மீளும்போது மாலை நாலேகால் தாண்டிவிடும். இது எவருக்கும் கால் சுளுக்காமலும், ஒரு தடவையேனும் வழி தவறாமலும், மழை பெய்யாமலும் இருந்தாற் கிடைக்கும் கணக்கு.

மூடிய பாதை மணிக்கு எவ்வளவு தூரம் தரும் என்பதை வீட்டிலிருந்து சொல்ல இயலாது. ஆனால் அப்பாதையே அதைச் சொல்லிவிடும். காட்டுக்குள் நுழைந்த முதல் அரை மணியிற் கடந்த தூரத்தை அளந்து பார்த்தாற் போதும். கைத்தொலைபேசியின் வரைபடத்தாலும் அளக்கலாம், அடியெண்ணியும் அளக்கலாம். அரை மணியில் 500 மீற்றர் சென்றிருந்தால் மேற்கூறிய கணக்கு நிற்கும். 250 மீற்றரே சென்றிருந்தால், எஞ்சிய 1,750 மீற்றருக்கு மூன்றரை மணி வேண்டும். அன்று உச்சி இல்லை என்பது முற்பகலிலேயே தெரிந்துவிடும். இதைத் தெரிந்துகொண்டும் மேலே செல்வோர் உளர். “இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே” என்னும் எண்ணம் மலையில் மிக வலியது. அது மனிதனின் பொதுக் குணம். 1996 மே மாதம் எவரெஸ்ற் சிகரத்தில் பிற்பகல் 2 மணிக்குள் திரும்பவேண்டும் என்று பேசி வைத்திருந்தும், அந்நேரம் கடந்தும் பலர் மேலேறினர். மாலையிற் புயல் வந்தது. எட்டுப் பேர் மாண்டனர். தேர்ந்த வழிகாட்டிகளும் அவர்களுள் இருந்தனர். நமுனுகுலையில் உறைபனி இல்லை, மூச்சுத் திணறலும் இல்லை. ஆனால் திரும்பும் நேரத்தைப் புறப்படுமுன் கீழேயே குறித்துக்கொள்வதும், உச்சி கண்ணெதிரே இருந்தாலும் அந்நேரத்திலே திரும்புவதும் இரண்டிடத்திலும் ஒன்றே. ஊவா மலைகளுக்கு நண்பகல் 12 மணி பொருத்தமான எல்லை.

நண்பகலை எல்லையாகக் கொள்வதற்கு மூன்று காரணங்கள் கூறலாம். அவற்றுள் வெளிச்சம் ஒன்று. நெய்ஸ்மித்தின் நாட்டில் ஆனி மாதத்துப் பொழுது இரவு பத்து மணிவரை நீடிக்கும். பிந்தி வந்தவனுக்கும் வழி தெரியும். பதுளையிலோ ஜூலை மாதத்திற்கூட மாலை ஆறரையளவிற் சூரியன் மறைந்துவிடும். நவம்பரில் ஆறு மணிக்கும் முன்னே மறையும். அந்தியொளி அரை மணியும் நில்லாது. மலையின் கிழக்குச் சரிவில் நிற்பவருக்குச் சூரியன் இன்னும் முந்தியே மலைக்குப் பின்னாற் சென்றுவிடும்; மூடிய காட்டுக்குள் ஐந்து மணிக்கே தரை மங்கும். மற்றொன்று முகில். காலையில் துலங்கிய முடி முற்பகல் கழியுமுன்னே முகிலிற் புதைவது மலைநாட்டின் வழக்கம். முகில் இறங்கினால் பத்து யாருக்கு அப்பால் எதுவும் தெரியாது. கல்லடுக்கும் சவுக்கு நிரையும் இருந்தென்ன பயன்?

மூன்றாவது, இடி. மார்ச், ஏப்பிரில் மாதங்களிலும், மீண்டும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும், பிற்பகலில் இடியுடன் கூடிய மழை பெய்வது இயல்பு. திறந்த புல்வெளி முகடு அப்போது நிற்கத் தக்க இடமன்று. மேலே கூறிய மேஜர் றொஜேர்ஸ் 1845 ஆம் ஆண்டில் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். தாம் பாதை வெட்டிய மலையை நன்கறிந்தவர் அவர்.

இறங்கும்போது பாதை தவறுவோரே ஏறும்போது தவறுவோரினும் பலர். களைப்பும் அவசரமும் ஒருபுறமிருக்க, மலையின் வடிவமே அதற்குக் காரணமாகும். கீழிருந்து ஏறும் முகடுகள் எல்லாம் உச்சியை நோக்கிக் கூடுகின்றன. எதைப் பிடித்தாலும் மேலே ஓரிடத்திற்சேரும். உச்சியிலிருந்து இறங்கும்போது அவையே ஒன்றைவிட்டு ஒன்று விரிந்து செல்கின்றன. மேலே இருபது அடி விலகியவர் கீழே வேறொரு பள்ளத்தாக்கிற்போய் நிற்பார். நமுனுகுலை என்னும் சிங்களப் பெயருக்கே ஒன்பது முடிகள் என்று பொருள் கூறுவர். பதுளைப் பக்கம் இறங்க எண்ணியவர் பசறைப் பக்கம் இறங்கினால், உயிருக்கு ஆபத்தில்லை எனினும், அன்றைய வண்டி போயிற்று. ஆகவே, ஏறும்போதே ஒவ்வொரு கிளைவழியிலும் நின்று, பின்னால் திரும்பி, இறங்கும்போது அவ்விடம் எவ்வாறு தோன்றும் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு புற்கற்றையை முடிந்து வைப்பது தோட்டத்தாரின் பழைய முறை. மரத்தில் வெட்டு அடையாளம் இடுவதிலும் அது மேலானது, மரமும் பிழைக்கும்.

வழி தவறினால் நீரோடையைப் பின்பற்றிக் கீழே இறங்கு, ஊர் வரும் என்று பலர் அறிவுரை கூறுவர். சமநிலத்துக்கு அது பொருந்தலாம். ஊவாவில் அது கொடிய அறிவுரை. இம்மாகாணத்து மலைகள் படிப்படியாகத் தாழ்பவை அல்ல. திடீரென வெட்டுண்டு விழுபவை. ஓடையும் அவ்வாறே விழுகின்றது. பதுளைக்கு அருகிலுள்ள துன்ஹிந்த அருவி ஏறத்தாழ 64 மீற்றர். கொஸ்லாந்தைக்கு அப்பால் தியலுமை 220 மீற்றர். அப்புத்தளை மலைத்தொடரின் மேற்குப் பக்கத்தே கலுபஹனையை அடுத்துள்ள பம்பரகந்தை 263 மீற்றர், இலங்கையில் மிக உயர்ந்தது. பெயரில்லாச் சிற்றோடைகளிலும் முப்பது அடி, நாற்பது அடிப் பாறைவீழ்ச்சிகள் பல உண்டு. ஓடை வழியே இறங்குபவர் வழுக்குப் பாறையின் விளிம்பை அடைந்து, கீழும் இறங்க இயலாது மேலும் ஏற இயலாது நிற்க நேரும். தவறியவர் செய்யத்தக்கது முகட்டை நோக்கி மீள ஏறி, தேயிலையோ கூரையோ புகையோ தெரியும் திசையைக் காண்பது. பொழுது போய்விட்டால் அவ்விடத்திலேயே தங்கி விடியலுக்குக் காத்திருப்பது. ஒரு கைவிளக்கும் மழைத்துணியும் கையிலிருந்தால் ஊவாக் குளிர் ஓரிரவிற் கொல்லாது. நனைந்த உடையோடு காற்றில் நிற்பதுதான் ஆபத்து.

பருவத்தைப் பற்றியும் சில சொற்கள். நாட்டின் மேற்குப் பக்கம் தென்மேற்கு மழையில் நனையும் ஜூன் முதல் செப்தெம்பர் வரையான காலம் ஊவாவுக்கு வறட்சியும் காற்றும் உள்ள காலம். ஊவாத் தேயிலைக்குத் தனி மணத்தை ஊட்டுவது இக்காற்றேயாகும். மலைநடைக்கும் அதுவே ஏற்றது. ஆனால் மானாப்புல் அப்போது பஞ்சுபோற் காய்ந்திருக்கும். அணைக்காத ஒரு தீக்குச்சி ஒரு மலைமுழுவதையும் எரித்துவிடும். ஒக்டோபர் பிற்பாதி முதல் ஜனவரி வரை பெய்யும் மழையில் அட்டைக்கும் சறுக்கலுக்கும் குறைவில்லை. அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் போதும். கொழுந்தெடுக்கும் பெண்கள் இடையிற் சுற்றும் படங்கு நனைந்த புல்லுக்குச் சிறந்த காப்பு. இவற்றினும் பெரிது நிலச்சரிவு. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாட் காலை கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கு ஆபத்து உண்டென்று பல ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும், மக்கள் அங்கேயே வாழ நேர்ந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை பதுளை மாவட்டத்திற் பல சரிவுகளைப் பெயர்த்ததோடு, மலையகப் புகையிரதப் பாதையையும் சிதைத்தது. ஆதலால், முன்னொரு முறை நடந்த பாதையே எனினும் அது இன்றும் அங்கிருக்கும் என நம்புதல் கூடாது. நிலத்தில் புதிய வெடிப்பு, ஒருபக்கமாகச் சாய்ந்த மரங்கள், தெளிந்தோடிய ஊற்று கலங்கி வருதல் ஆகியவற்றைக் கண்டால் அவ்விடத்தைக் கடக்க முயலாது திரும்பவேண்டும்.

குளவியையும் மறத்தல் ஆகாது. தோட்டங்களிற் கொழுந்தெடுப்போர் குளவிக் கொட்டுக்கு இலக்காவது அடிக்கடி நிகழும் துயரம். பாறை விளிம்புகளிலும் உயர்ந்த மரங்களிலும் கூடு கட்டும் பெருந்தேனீயும் அவ்வாறே கூட்டமாக வந்து தாக்கும். புதரை வெட்டிக்கொண்டு செல்பவன் கூட்டைக் காணுமுன் கலைத்துவிடுகின்றான். முன்னே செல்பவர் கத்தியைவிடக் கண்ணையே அதிகம் பயன்படுத்த வேண்டும் என்பது இதனாலே.

வரைபடம், கைத்தொலைபேசி, செய்மதிப் படம் யாவும் இன்று எளிதிற் கிடைக்கின்றன. அவை பாதை எங்கே இருந்தது என்பதைக் காட்டும். இன்று நடக்கத் தக்கதோ என்பதைக் காட்டா. அதைச் சொல்லத் தக்கவர்கள் மேல்டிவிசன் லயத்தில் இருப்போர். அவர்களிடம் “எவ்வளவு நேரம் செல்லும்?” என்று கேட்பதிற் பயனில்லை. “கொஞ்சந் தூரந்தாங்க, அரை மணியில போயிறலாம்” என்பார் ஒரு முதியவர். அவர் பொய் சொல்லவில்லை. விறகுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஐம்பது ஆண்டு ஏறியிறங்கிய கால்களின் அரை மணி அது. நகரத்தார் கால்களுக்கு அது ஒன்றரை மணியாகும். கேட்கவேண்டிய கேள்வி வேறு: “இந்த மாதம் அந்த வழியாக யாராவது போனார்களா?” போனார்கள் எனின் பாதை உண்டு. “போன வருசம் தைப்பொங்கலுக்குப் பொறகு யாரும் போகலீங்க” எனின் மணிக்கு ஒரு கிலோமீற்றர்க் கணக்கும் மிகை. அவ்வாறு அறிந்த ஒருவரையே உரிய கூலி கொடுத்து உடனழைத்துச் செல்வது எல்லாவற்றிலும் நன்று. வழிகாட்டும் தொழிலாளி ஒருநாட் சம்பளத்தை இழந்தே வருகின்றார் என்பதைச் செல்வோர் நினைவிற்கொள்ள வேண்டும். தேநீரோடு அனுப்பிவிடுவது முறையன்று.

பாதைகள் மீளவும் திறக்கப்படுவதற்கும் உதாரணம் உண்டு. கண்டி ஹந்தானையிலிருந்து அப்புத்தளை, எல்ல முதலிய ஊவாப் பகுதிகளைச் சுற்றி நுவரெலியாவிற் சென்று முடியும் பெக்கோ பாதை என்னும் நெடுவழி, 300 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தூரத்துக்கு, 22 பகுதிகளாக அண்மை ஆண்டுகளில் வகுக்கப்பட்டது. அதன் பெரும்பகுதி பழைய தோட்டப் பாதைகளே. வெளிநாட்டார் வந்து நடக்கின்றனர். வழியிலுள்ள சிலர்க்கு வருவாயும் உண்டு. ஆயினும் அதன் வழியும் ஆண்டுதோறும் வெட்டப்பட வேண்டியதே. மழை ஒன்று போதும், புல் தன் உரிமையைக் கேட்க. அவ்வழியில் வராத நமுனுகுலை மேற்சரிவு போன்ற இடங்களிலோ, தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் செல்லக் குறுக்குவழியாய் நடக்கும் வரையிலுமே பாதை பிழைத்திருக்கின்றது.

புறப்படுமுன் செய்யத்தக்க சில காரியங்கள் எஞ்சியுள்ளன. தோட்டக் காணிக்குள் செல்லத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியும், ஒதுக்குக் காட்டுக்குள் செல்ல வனத் திணைக்களத்தின் அனுமதியும் பெறவேண்டும். மாலை வண்டி எதுவாயினும், அது புறப்படும் நேரத்துக்கு இரண்டு மணி முன்னதாகத் தொழிற்சாலைக்கு மீளும் வகையிற் கணக்கிட வேண்டும். அந்த இரண்டு மணி வழியில் எங்கோ செலவாகியே தீரும். கூட்டத்தில் மெதுவாக நடப்பவரை முன்னேயும் வழி அறிந்தவரைப் பின்னேயும் விடுவது நல்ல முறையெனினும், மூடிய பாதையில் வழி அறிந்தவர் முன்செல்ல வேண்டியிருப்பதால், கடைசியில் வருபவராக இன்னொரு தேர்ந்தவரை நிறுத்த வேண்டும். பொலிசாரின் 119, அம்புலன்ஸ் சேவையின் 1990 ஆகிய எண்களைக் கைத்தொலைபேசியிற் பதிந்து வைத்தாலும், மலையின் மடிப்புகளில் அலை கிடையாது என்பதை மறத்தல் கூடாது. எனவே, செல்வோர் எத்தனை பேர், எந்த வழியாகச் செல்கின்றனர், எத்தனை மணிக்குள் வராவிட்டால் ஆட்களைக் கூட்டித் தேடவேண்டும் என்னும் மூன்றையும் கடைசி லயத்தில் ஒரு வீட்டாரிடம் சொல்லிச் செல்வது வழக்கம். சொல்லிச் சென்றோர் திரும்பியதும் அதே வாசலில் நின்று, அத்தனை பேரும் வந்துவிட்டதைக் காட்டிய பின்னரே பஸ்ஸுக்கு இறங்குவர். அவ்வாறு காட்டாது சென்றமையால், விளக்கும் கையுமாய் இரவில் மலையேறித் தேடிய தோட்டத்தாரும் உளர்.